பல்லுக்காரரும் இரண்டு பெடல்களும்

பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று துளைத்தெடுத்தவர்களும் ஒவ்வொருவராக அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். லேபின் பின்னறையில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகமே பார்த்திராத ஆட்களின் வாய்க்குப் பற்கள் செய்வார். காலையில் வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம், மாலையில் இன்னொரு வணக்கம். நடுவில் பேசினால் அது மெழுகோடும் பிளாஸ்டரோடும்தான்.

சனிக்கிழமை மட்டும் வேறு. பிற்பகல் மூன்று மணிக்கு மெத்தைக் கடையின் கிடங்கில் அவருடைய இசைக்குழு கூடும். கடைக்குச் சொந்தக்காரரான மெத்தைக்காரர் பாடுவார். கணக்கு டீச்சர் கீபோர்டு, பஸ் டிரைவர் டிரம்ஸ், பல்லுக்காரர் அடிக்குரலில் முழங்கும் நாலு கம்பி பேஸ் கிட்டார். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். சும்மா சொல்லக்கூடாது, சுற்றிலும் மெத்தை அடுக்கியிருந்ததால் அக்கம்பக்கத்தார் யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை. ஐந்தாவது ஆளாக லீட் கிட்டார் வாசித்தவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபோதுதான் வினை வந்தது.

“பாட்டு எலும்பும் தோலுமா நிக்குது,” என்றார் மெத்தைக்காரர். “டீச்சரோட இடது கையே பேஸ் வேலையையும் பாத்துடும்னு தோணுது. எதுக்கும் ரெண்டு வாரம் பாப்போம்ணே. அந்த ஆள் போன எடத்தை நீங்க நிரப்ப முடியுதான்னு பாருங்க.”

டீச்சர் கீபோர்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். மெத்தைக்காரர் கெட்டவர் இல்லை, மனசில் பட்டதைச் சொன்னார். ஆனாலும் அந்த ‘எதுக்கும்’ இருக்கிறதே, அது பல்லுக்காரரின் நெஞ்சில் போய்த் தைத்தது. சனிக்கிழமையும் போய்விட்டால் ‘அண்ணே’ என்று கூப்பிட அவருக்கு வாரத்தில் ஒரு வாய்கூட மிஞ்சாது.

பேஸின் ஒலியைக் கனமாக்க ஏதாவது உண்டா என்று போய்க் கேட்டதும், இசைக்கருவிக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். இரண்டுமே டியூயல் ஓவர்டிரைவ் பெடல்கள். இடது சுவிட்சைக் காலால் மிதித்தால் பேஸின் ஒலி லேசாகக் கரகரக்கும். வலதையும் சேர்த்து மிதித்தால் உறுமும்.

“ரெண்டையும் கொண்டுபோய் வாசிச்சுப் பாருங்க சார். எது வேண்டாமோ அதைத் திருப்பிக் குடுங்க.”

வாரம் முழுக்க, வேலை விட்டதும் நேரே வீடுதான். கதவைச் சாத்திக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தார். எந்தத் திருகி எங்கே நின்றால் நன்றாக இருக்கிறது என்று லேபிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மெழுகால் பெட்டி மேல் புள்ளி வைத்தார். மஞ்சள் சகிக்கவில்லை, மூக்கடைத்தவன் பேசுவதுபோல் இருந்தது. நீலமோ, அடடா! அடிவயிற்றிலிருந்து எழும்பி அறை முழுக்க நிறைந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டில் கூட யாரோ இருப்பதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

“இன்னும் அந்த நாலு கம்பியோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கியா?”

“ஆமாக்கா. இரு, ரெண்டு வாசிக்கிறேன், எது நல்லாருக்குன்னு சொல்லு.” போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து இரண்டையும் வாசித்துக் காட்டினார்.

“ரெண்டும் மிக்ஸி ஓடுற மாதிரிதான்டா இருக்கு. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“சரி, குக்கர் விசிலடிக்குது, வைக்கிறேன்.”

நீலம் என்று அவரே முடிவு செய்தார். மறுநாள் கிடங்கில் உயிரைக் கொடுத்து வாசித்தார். பாட்டு முடிந்ததும் மெத்தைக்காரர் திரும்பி, “ஏதோ பெடல் வாங்கப்போறேன்னீங்களே, வாங்கலியாண்ணே?” என்றார்.

“அதுலதான் வாசிச்சேன்.”

“எனக்கு என் பெரிய டிரம்தான் கேட்டுச்சு,” என்றார் டிரைவர், பாவம், உள்ளதைச் சொன்னார்.

“அடுத்த வாரம் டீச்சர் இடது கையால வாசிச்சும் ஒருவாட்டி பாத்துருவோம்,” என்று மெத்தைக்காரர் முடித்துவிட்டார். பல்லுக்காரர் கிட்டாரை உறைக்குள் போட்டவர்தான், மூன்று நாள் வெளியே எடுக்கவில்லை.

புதன்கிழமை, பல் மருத்துவர் ஒருவர் ஒரு பல்லைத் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சீட்டு: ‘கையில் அழகாக இருக்கிறது. வாயில் உட்காரவில்லை.’ பல்லுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவம், செய்கிற வேலையா இது! மேல்வரிசை அச்சையும் கீழ்வரிசை அச்சையும் மாட்டி, கடிக்கவிட்டுப் பார்க்காமல் எந்தப் பல்லையும் அவர் வெளியே விட்டதில்லை. பெடல் நினைப்பில் இதை மட்டும் உள்ளங்கையில் வைத்து ரசித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்.

தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பெடலையும் இப்படித்தானே பார்த்தார்? நீலத்தின் கனமெல்லாம் அடி ஸ்தாயியில் இருக்கிறது. அங்கேதான் டிரைவரின் பெரிய டிரம் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. லீட் கிட்டார் போன பிறகு காலியாகக் கிடப்பது நடு ஸ்தாயி. மஞ்சளின் மூக்கடைத்த குரல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. கூட உட்கார்ந்து வாசிக்க வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இல்லையே, என்ன செய்ய?

சனிக்கிழமை முதலில் டீச்சர் இரண்டு கையாலும் வாசித்தார். நன்றாகவே இருந்தது, பாழாய்ப்போக! டிரைவர்கூடத் தலையாட்டினார். அப்புறம் அதே பாட்டு, பல்லுக்காரர் முறை. தொடக்கம் பேஸ்தான். இன்னும் திருப்பிக் கொடுக்காத மஞ்சள் பெட்டியின் இடது சுவிட்சை மிதித்துத் தொடங்கினார். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். தன் ஒலி எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினார். பாட்டு கேட்டது, அவருடைய பேஸ் தனியாகக் கேட்கவில்லை. வலதையும் மிதித்துப் பார்த்தார். அப்போதும் பாட்டுதான் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு. இனி வாசித்து யாருக்கு என்ன என்று கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பாட்டு பொத்தென்று விழுந்தது. டிரைவரின் குச்சி பாதியில் நின்றது. டீச்சர் தப்பான கட்டையை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். பாதி வரியில் திறந்த வாயோடு மெத்தைக்காரர் திரும்பினார்.

“என்னண்ணே? ஏன் நிறுத்திட்டீங்க?”

தும்மலுக்காக, ஒயர் கழன்றதற்காக, இதற்கு முன்னாலும் அவர் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறார். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது.

“ஒண்ணுமில்ல, கை நழுவிருச்சு,” என்று பொய் சொன்னார். “முதல்லேருந்து போலாமா?”

“நீங்க ஆரம்பிங்கண்ணே,” என்றார் மெத்தைக்காரர்.

மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பல்லுக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் ஆரம்பிக்காமல் நின்றார்.