இடைவேளையில் வந்த சேவல்காரர்

எங்கள் தியேட்டரில் சிலைடு எழுதுவது என் வேலை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கறுப்பு மை பூசிக் காயவைத்து, ஊசியால் எழுத்தைக் கீறி எடுக்கவேண்டும். கீறின இடம் வழியாக வெளிச்சம் போய்த் திரையில் எழுத்தாக நிற்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை, ‘புகை பிடிக்காதீர்’ எல்லாம் என் கைதான். நாலு வரிக்கு மேல் எழுதினால் கடைசி பெஞ்சுக்காரனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும். அந்த நாலு வரிக் கணக்கில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், இலங்கையிலிருந்து வந்த பெண் ஒருத்தி கேட்டில் வந்து நின்றாள். படகில் வந்தவர்களை ஊருக்கு வெளியே பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு பழைய கிட்டங்கியில் தங்கவைத்திருந்த நேரம்.

“அண்ணை, படம் போடுற இடத்தில ஆக்களின்ர முகத்தையும் போடுவினமெண்டு சொல்லிச்சினம். மெய்யே?”

அவள் புருசன் வேறொரு படகில் முன்னமே வந்துவிட்டாராம். எந்த முகாமிலும் பேர் பதியவில்லை. கரிசல்காட்டு ஊர்களில் கிணறு வெட்டுகிறவர்களோடு பார்த்ததாக யாரோ சொன்ன ஒரு வார்த்தை, ஒரு போட்டோ, இவ்வளவுதான் அவள் கையில் இருந்தது. போட்டோவில் ஒரு மனிதர் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“வீடு எரிஞ்சதில தப்பினது இந்தப் படம் ஒண்டுதான். அவரைத் தவிர இந்தச் சேவல் கொத்தாத ஆளில்லை” என்று புறங்கையைக் காட்டினாள். ரெண்டு தழும்பு இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “போடு வே” என்றார். “இந்த வாரம் வருத படமும் அவங்க கதைதான். பொருத்தமா இருக்கும்.”

ஸ்டுடியோக்காரர் போட்டோவை பிலிமில் எடுத்துக் கண்ணாடிகளுக்கு நடுவில் ஒட்டிக் கொடுத்தார். ‘காணவில்லை’ என்று மேலே கீறினேன். இவரைக் கண்டவர்கள் தியேட்டர் ஆபீசில் தகவல் சொல்லவும் என்று கீழே மூன்று வரி. ‘தேடுவது இவர் மனைவி’ என்று ஐந்தாவது வரியும் கீறிப் பார்த்தேன். நெருக்கிக்கொண்டு நின்றது. மையை வைத்து அதை மூடிவிட்டேன்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். இடைவேளைக்கு லைட் போட்டால் சனம் முறுக்குக்கும் சோடாவுக்கும் எழுந்து ஓடிவிடும். அதனால் ‘இடைவேளை’ என்று எழுத்து வருவதற்கு முன்னாலேயே, இருட்டிலேயே இதைப் போட்டுவிடச் சொன்னேன். ஆபரேட்டரும் சரியென்றார்.

படத்தின் கதை இது: மெட்ராசில் ஒரு பெரிய வீடு. கீழே நாலு குடித்தனம்; மொட்டைமாடியில் சண்டைக்குத் தப்பி வந்தவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குழாயடி யாருக்கு, கொடிக்கயிறு யாருக்கு என்று ஒரே அமர்க்களம். கீழ்வீட்டுக் கல்யாணத்துக்கு மாடிக்காரர்களையும் கூப்பிடுகிறார்கள். பந்தியில் இலை போட்டாச்சு, வாசலில் வெடி வெடிக்கிறது. மாடிக்காரர்கள் மொத்தப் பேரும் மேசைக்கு அடியில் பாய்கிறார்கள். அது அவர்கள் ஊர்ச் சம்பிரதாயம் என்று நினைத்து, மாப்பிள்ளையும் மரியாதைக்காகக் கூடப் படுக்கிறார். தியேட்டரே கூரை பிய்யச் சிரித்தது.

முகாமில் சாயங்காலம் தலை எண்ணுவார்கள் என்பதால் அவள் மேட்னிக்கு வந்திருந்தாள். நான் பெண்கள் பக்கத்துக் கதவோரம் நின்றேன். திரையில் வெடி வெடித்தபோது அவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா, “ஏட்டி, என்னத்தத் தொலைச்ச? நானும் தேடட்டா?” என்று சேர்ந்து குனிந்தாள்.

அடுத்த நிமிசம் சிலைடு வந்தது. ஆள் உயரச் சேவல், ஆள் உயரச் சிரிப்பு, தலைக்கு மேலே ‘காணவில்லை’. இருட்டுக்குள் முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ஏலே, சேவலக் காணுமா, ஆளக் காணுமா?”

இன்னொருத்தன்: “ஆளத் தேடிச் சேவல் குடுத்த வெளம்பரம்லா!”

விசில் பறந்தது. படத்தில் அதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். லைட் போட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவளாகவே வந்தாள்.

“சிரிக்கட்டும் அண்ணை. சிரிச்ச சனத்துக்கு முகம் மறக்காது.”

அவள் சொன்னபடியே மறக்கவில்லை. படத்தை நாலு நாளில் தூக்கிவிட்டார்கள்; சிலைடும் அதோடு நின்றது. ரெண்டு மாசம் கழித்துப் பனவடலிசத்திரத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவர் டிக்கெட் எடுக்க வந்தவர், “அண்ணாச்சி, அந்தச் சேவல்காரன் வார படத்த மறுபடி எப்பம் போடுவிய?” என்றார்.

“எந்தச் சேவல்காரன்?”

“இடைவேளையில வந்து சிரிச்சாம்லா, அவந்தான். திருவேங்கடத்துப் பக்கம் எங்க மச்சினன் கிணத்துல கல்லு தூக்கிட்டிருந்தான். பாத்ததும் கண்டுக்கிட்டேன். ‘ஏலே, நீ பெரிய ஆளுலா! ஒன் போட்டோவப் போட்டுக் காணவில்லைன்னு ஊரே தேடுது’ன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா மூஞ்சி செத்துப்போச்சு. ‘ஆர் தேடுகினம், பொலிசோ?’ங்கான். எனக்கென்ன தெரியும்? ‘ஆருன்னு எழுதலய வே’ன்னேன். விடிஞ்சு பாத்தா ஆளில்ல. சட்ட கொடியில கெடக்கு.”

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று எத்தனையோ பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன். முகாமில் பதியாமல் திரிந்த இவரை அரட்டினது நான் மூடின ஒரு வரி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். முறத்தில் ரேசன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வரியை மூடினதையும் சொன்னேன்.

“உயிரோட நிண்டவரோ?”

“நின்னாரு தாயி.”

முறத்தைக் கீழே வைத்தாள். “நானெண்டு தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பார்.” நாலு வசவு வைதிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

“வேற எழுதுதேன். என்னன்னு எழுதட்டும்?”

புறங்கைத் தழும்பைத் தடவிவிட்டு, “சேவல் கொத்தின கை தேடுது எண்டு எழுதுங்கோ. அவருக்கு விளங்கும்” என்றாள்.

எழுதினேன். ‘காணவில்லை’யை எடுத்துவிட்டேன். பயப்பட வேண்டாம், போலீஸ் இல்லை, சேவல் கொத்தின கை தேடுகிறது, உங்கள் மனைவி கிட்டங்கி முகாமில் இருக்கிறாள். ஆறு வரி வந்தது. எறும்பு ஊர்ந்தால் ஊர்ந்துவிட்டுப் போகட்டும்.

எந்தப் படமானாலும் இடைவேளைக்கு அது வந்தது. முதல் வாரம் சிரிப்பு. பிறகு எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தி முகாமைக் கலைத்து, அவர்களை லாரியில் ஏற்றி வேறு ஜில்லாவுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் லாரி தியேட்டர் முன்னால் திரும்பியபோது அவள் அந்தக் கையை ஆட்டினாள். ‘இப்போது’ என்று போட்டு, அவர்கள் போகும் ஊர்ப் பேரை ஏழாவது வரியாகக் கீறினேன்.

ஒரு மேட்னியில், சிலைடு வந்ததும் முன்பெஞ்சிலிருந்து அதே குரல் கேட்டது. “ஏலே, அவன் இன்னுமா வரல?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள்: “வரலயாம்.”

ஆபரேட்டர் லைட்டைப் போட்டார்.