சந்தனத்துக்குள் ஒரு சிவப்பு விளக்கு

செங்கல்பட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு கார் பேட்டரி வேலை பார்த்த ரஹ்மத்துல்லாவிடம் ஓட்டையில்லாத சட்டையே கிடையாது. ஆசிட் தெறித்துத் தெறித்து எல்லாம் சல்லடை. பெருநாள் சட்டையை மட்டும் மனைவி சம்சாத் பேகம் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். வண்டி கிளம்பவில்லை என்றால் ஊரே பேட்டரியைத் திட்டும். ரஹ்மத்துல்லா மட்டும் பேட்டரிக்காக வாதாடுவார்.

எழுபத்து நான்காம் வருடம், ஆயுத பூஜை முடிந்த சமயம். டாக்ஸிக்காரர் செங்கல்வராயன் தன் அம்பாசடரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை அமீனா பீவியின் மகன் மாப்பிள்ளைக் கோலத்தில் அந்த வண்டியில்தான் சதுரங்கப்பட்டினத்துக்கு நிக்காஹுக்குப் போக வேண்டும்.

“பாய், நேத்து நீ சார்ஜ் போட்டுக் குடுத்த பேட்டரி மறுபடியும் படுத்துகினு கீது. இன்னிக்கு ரெடியாவலன்னா அமீனாம்மா ஸ்டாண்டுல கீற தர்மராஜ் டாக்ஸியைச் சொல்லிடுவாங்க. அவன் இப்பவே பல்லக் காட்டிகினு கீறான்.”

“பேட்டரி இன்னா பண்ணும் அண்ணாத்த? வண்டி ஓடும்போது டைனமோதான் அதுக்குச் சோறு போடணும். போடலன்னா பட்டினிதான்.”

“டைனமோ கெட்டா செவப்பு லைட்டு எரியும்ல? எனக்குத் தெரியாதா? ஒரு நாளும் எரியல.”

ரஹ்மத்துல்லா வேறொரு பேட்டரியை மாட்டிக் கிளப்பினார். வண்டி உறுமியது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, லைட்டையே காணோம்!”

டாஷ்போர்டு முழுக்கச் சந்தனம். செங்கல்வராயனின் மனைவி காசியம்மாள் பூஜையன்று தாராளமாக அப்பியிருந்தாள். வட்டமாக இருந்த எதையும் விடவில்லை. எல்லாம் காய்ந்து ஓடாகி, நடுவில் குங்குமத்தோடு சிரித்தன.

“தொடச்சிப் பாரு.”

“நீயே தொடயேன் பாய்.”

“சாமிப் பொட்டு. உன் வூட்ல வெச்சது, நீயே எடு.”

“தானா உதுர்ற வரைக்கும் கை வெக்காதன்னு சொல்லிக்கீறா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாது.”

“அமீனாம்மாவைப் பத்தி உனக்குத் தெரியுமில்ல? மாப்பிள்ள ஷெர்வானியோட எறங்கி வண்டி தள்ளட்டும், அப்புறம் கீது உனக்கு!”

செங்கல்வராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டினார். பொட்டு உதிர்ந்தது. உள்ளே சிவப்பு விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

“அடிப்பாவி!”

“அவங்களத் திட்டாத. பேட்டரியத் திட்டினியே, அதுங்கிட்ட மன்னிப்புக் கேளு.”

டைனமோவைக் கழற்றினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து பொட்டுக்கடலை அளவுக்கு இருந்தது. புதிதாக மாட்டிக் கிளப்பினார்கள். விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

மறுநாள் வண்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றி முடித்த அமீனா பீவி, மீந்த பூவோடு டாஷ்போர்டு பக்கம் குனிந்தார்.

“அம்மா, அங்க மட்டும் வாணாம்!” செங்கல்வராயன் போட்ட கூச்சலில் மாப்பிள்ளையே துள்ளிவிட்டான்.

பெட்டியிலிருந்து விடுதலையான சட்டையோடு ரஹ்மத்துல்லா முன் சீட்டில் ஏறினார். டைனமோவைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்னார். பிரியாணி பற்றி மூச்சு விடவில்லை. சதுரங்கப்பட்டினம் போய்ச் சேரும்வரை இருவரும் ரோட்டைவிட அந்தச் சின்ன விளக்கைத்தான் அதிகம் பார்த்தார்கள். அது எரியவேயில்லை.