செவலைக்குட்டி மேல போட்ட பழி

நாய் வயித்தால போனதை டப்பாவுல அடைச்சுக் கொண்டு போறதுதான் உன் வேலைன்னு தெரிஞ்சா எவன்டி உன்னைப் பொண்ணு கேட்டு வருவான்னு எங்கம்மா தலையில அடிச்சுக்குவாங்க. தொண்ணூறுகள்ல நான் ஒரு கால்நடை லேப்ல உதவியாளர். பார்வோங்கிறது நாய்க்கு வர்ற ஒரு வியாதி. நேத்து வரைக்கும் துள்ளிக்கிட்டு இருந்த குட்டி இன்னிக்கு வாந்தி எடுக்கும், நாளைக்கு ரத்தமா பேதியாகும், அப்புறம் கண்ணு சொருகிடும். அந்தக் கிருமி எழுபதுகள் கடைசியிலதான் உலகத்துல தலைகாட்டுச்சு. வந்த நாள்லேருந்து சும்மாவும் இருக்கல. சட்டையில ஒரு பொத்தானை மாத்தற மாதிரி தன்னைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம பக்கம் சுத்தறது பழைய வகையா புது வகையான்னு பார்க்கத்தான் எங்க லேப்ல கிளினிக் கிளினிக்கா சேம்பிள் சேர்த்தாங்க.

எங்க வீடு மலேசியாவுல, கிள்ளான்ல, வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டிப் போகாத கிண்ணம் ரெண்டு வீட்டுலயும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்டி அம்மாவை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அப்பா போன புதுசுல அம்மாவை அதட்டிச் சோறு தின்ன வச்சது நான் இல்ல, அவங்கதான். ஆன்டிக்குப் பிள்ளை இல்ல. உண்டானதெல்லாம் பாதியில போச்சு. ஒன்னு பிறந்து, பேர் வைக்கிறதுக்கு முன்னாலயே போச்சு. அந்தப் பேச்சை எங்க வீட்டுல யாரும் எடுக்கவே மாட்டோம்.

அந்த வருஷம் எங்க வீட்டுல ஒரு கறுப்புக்குட்டி இருந்துச்சு. முதல் ஊசி போட்டாச்சு. ரெண்டாவது ஊசிக்குத் தேதி வந்தப்ப அப்பாவோட திதியும் சேர்ந்து வந்துச்சு. அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்லான்னு அம்மா தள்ளிப் போட்டாங்க. அதே சமயத்துல ஆன்டி வீட்டுக்காரர், லோரி ஓட்டறவர், செமினியில யார் வீட்டுலேருந்தோ ஒரு செவலைக்குட்டியைத் தூக்கிட்டு வந்தார். ஆன்டி அதை இடுப்புலேருந்து இறக்கவே இல்ல. சுவருக்கு அடியில தண்ணி போற ஓட்டை ஒன்னு இருக்கு. அது வழியா ரெண்டு குட்டியும் மூக்கை உரசிக்கிட்டுக் கிடக்கும். பார்க்க அவ்வளவு ஆசையா இருக்கும்.

திதி முடிஞ்சு கொஞ்ச நாள்ல செவலை வாந்தி எடுத்துச்சு, போயிடுச்சு. அதைப் புதைச்ச மறுநாள் எங்க கறுப்பு படுத்துச்சு. கிளினிக்ல டிரிப் ஏத்தினாங்க, ஊசி மேல ஊசி போட்டாங்க, ஒன்னும் கேட்கல, அதுவும் போயிடுச்சு. நான் ரெண்டுலயும் சேம்பிள் எடுத்து வச்சேன். அழுதுக்கிட்டேதான் எடுத்தேன், ஆனா எடுத்தேன். பாழாப்போன பழக்கம்.

அன்னிக்குச் சாயந்திரம் ஆன்டி ஒரு குவளையில காப்பி கலக்கிச் சுவர்கிட்ட கொண்டு வந்தாங்க. அவங்க குட்டி போனது போதாதுன்னு எங்க துக்கத்தையும் விசாரிக்க வந்த மனுஷி. அம்மா குவளையைப் பார்க்கல, அவங்க கையைத்தான் பார்த்தாங்க.

"உன் கை பட்டது எதுடி தங்கியிருக்கு?"

ஐயோ, இப்ப எழுதறப்பவும் எனக்கு உடம்பு கூசுது. ஆன்டி குவளையைச் சுவர் மேல வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. காப்பி அங்கேயே ஆறி ஆடை கட்டிக் கிடந்துச்சு. எனக்கு வந்த கோவத்துல அம்மான்னு கூடப் பார்க்காம கத்தினேன். நான் நாயைத்தான் சொன்னேன்னு அம்மா சாதிச்சாங்க. யார்கிட்ட கதை விடறீங்க, தெருவுல போற காக்காகிட்ட சொன்னாலும் அர்த்தம் புரியும்னு சொன்னேன். நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா?

அதுக்கப்புறம் ஆன்டி சுவர்ப்பக்கமே வரல. ரொட்டிக்காரர் மோட்டார் சத்தம் கேட்டாலும் வெளிய வர மாட்டாங்க. அதையாவது கோவம்னு விட்டுடலாம். எங்க வரிசையிலயே ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு நடந்துச்சு. ஆன்டி வராம, தட்டை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்து அனுப்பினாங்க. அந்தத் தட்டைப் பார்த்தப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. எங்கம்மா சொன்னதை அவங்களே நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. புள்ளத்தாச்சி பக்கத்துல தன் கை போகக் கூடாதுன்னு ஒதுங்கிட்டாங்க.

லேப்ல என் மேலதிகாரியை நான் விடல. என்னோட ரெண்டு சேம்பிளை முதல்ல பாருங்க டாக்டர்னு நச்சரிச்சேன். வேலை வாரக்கணக்கா இழுத்துச்சு. ஒரு வகைக் கிருமி இருந்தா மட்டும் விளக்கு வெளிச்சத்துல ஒரு கோடு தெரியும், கடைசியில ஒருநாள் கூப்பிட்டு அதைக் காட்டினார். செவலையோடதுல ஒரு கோடு இருந்துச்சு. கறுப்போடதுல அந்த இடம் காலி. திரும்பவும் செஞ்சு பார்த்தார், அப்பவும் அப்படியேதான். ரெண்டும் பார்வோதான், ஆனா வேற வேற வகை. செவலைகிட்டேருந்து கறுப்புக்கு வரல. அப்ப எங்கேருந்து டாக்டர் வந்துச்சுன்னு கேட்டேன். அதை இந்தக் கோடு சொல்லாதும்மான்னார். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும், செருப்புல ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் போகும்னார்.

செருப்புன்னதும் எனக்குத் திதி அன்னிக்கு எங்க கார் போர்ச் ஞாபகம் வந்துச்சு. நம்ம வீடுகள்ல செருப்போட உள்ள போவோமா? காப்பார்லேருந்து வந்த சொந்தம், பிரிக்பீல்ட்ஸ்லேருந்து வந்த சொந்தம், எல்லாரோட செருப்பும் அங்கதான் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. வீடு சுத்தமா இருந்துச்சு. போர்ச்லயே கட்டிப் போட்டிருந்த இடத்துலேருந்து எட்டின செருப்பையெல்லாம் குட்டி கடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அதுல எந்தச் செருப்புன்னு எந்தச் சாமியாலயும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா மூஞ்சியில ஈயாடல. ஊசியைத் தள்ளிப் போட்டது நான்தானேன்னு சொன்னாங்க. அந்தப் பாரத்தை யார் தலையிலயாவது இறக்கிடணும்னு இருந்துச்சாம். பக்கத்துல இருந்தது அவதான்னாங்க. அப்ப போய்ச் சொல்லுங்கன்னேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்னு அழுதாங்க. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு. சரி, நானே போறேன்னு கிளம்பிட்டேன்.

ஆன்டி வீட்டு கேட்ல பூட்டு தொங்குச்சு. கூப்பிட்டதும் வந்தாங்க, ஆனா பூட்டைத் திறக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னபடியே கேட்டாங்க. ரெண்டும் வேற வேற வகை ஆன்டி, உங்க குட்டியால எங்களுது சாகல, லேப்லயே பார்த்தாச்சு, டாக்டரே சொல்லிட்டார்னு மூச்சு விடாம கொட்டினேன். நல்ல சேதி கொண்டு வந்துட்டோம்னு எனக்கு அவ்வளவு பெருமை. அவங்க சிரிப்பாங்கன்னு பார்த்தேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாங்க.

"ரெண்டும் ஒன்னுன்னு வந்திருந்தா, என்கிட்ட என்னம்மா சொல்லியிருப்பே?"

அவங்க ராசிக்காரியா இல்லையான்னு ஒரு நாயோட பேதியை வச்சுப் பார்த்துட்டு வந்து நிக்கிறேன்! வெட்கமா போச்சு.

பின்னால மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சு. அம்மா. எப்ப வந்தாங்கன்னே தெரியல.

"ஒன்னுன்னே வந்திருந்தாலும் நான் சொன்னது பாவம்தான்டி. கிருமியைப் பத்தியா நான் பேசினேன்? உன் பிள்ளைங்களைப் பத்தித்தானே பேசினேன்."

யாருமே எடுக்காத பேச்சு அது. அம்மா நடுத்தெருவுல நின்னு அதை வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. ஆன்டி திரும்பி உள்ள போனாங்க. அம்மா கேட் கம்பியில நெத்தியை வச்சுத் தேம்பினாங்க. நான் அம்மாவோட தோளைப் பிடிச்சு, வாங்கம்மா, போகலாம்னேன். அம்மா அசையல. கொஞ்ச நேரத்துல ஆன்டி திரும்பி வந்தாங்க, கண்ணெல்லாம் சிவந்து, கையில கேட் சாவியோட.