ஒயர் இல்லாத கியர்

கவரைப்பேட்டை ரயில்வே மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்டனை அழுத்தினால் கியர் மாறும் என் சைக்கிளின் செயின் கழன்றது. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த கம்பெனி எலக்ட்ரீஷியன் ஒருவர் உதவிக்கு நின்றார்.

"கியருக்கு ஒயரே காணோம். கரெண்டு எங்கருந்து சார் வருது?"

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பேட்டரியைக் காட்டினேன். முதல் வேலையாக அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பெனியிலும் ஃபியூஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மெஷினைத் தொடுவாராம். நான் அதை ரசித்தேனே தவிர, செயின் மாட்டியதும் பேட்டரியைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாலத்தில் ஏறும்போது பட்டனை அழுத்தினேன். கியர் மாறவில்லை. என்னையே திட்டிக்கொண்டு இறங்கினால், அவர் பைக்கில் துரத்திக்கொண்டு வந்தார். கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"கழட்டனவன்தான் சார் மாட்டணும்" என்று சாலையோரம் குந்தினார்.