தூங்குமூஞ்சி மரத்துக்கு வைத்த சிவப்பு

பொன்முடி, கல்லாறு என்று சுற்றிப்பார்க்க இடம் தேடி இந்த வலைப்பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். போன சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான் போனது ஒரு பூங்காக் கூட்டத்துக்காக. மக்களிடம் கருத்துக் கேட்கும் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு நீங்களும் போகவேண்டி வந்தால் இது உதவும். 

என் அக்கா செல்வி பத்தொன்பது வருஷமாக அந்தப் பூங்காவின் வடக்கு வாசலில் துணி தேய்க்கிறாள். ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் அவளுடைய தள்ளுவண்டி, கரிப்பெட்டி. பூங்காவைப் புதுப்பிக்கப்போகிறவர்கள் வரைபடத்தை வாசலில் ஒரு மேசைமேல் விரித்து, வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பிலும் பச்சையிலும் வட்ட ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். அக்கா மலையாளம் சரளமாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. பிடித்த இடத்தில் ஒட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தன் மரத்துக்குச் சிவப்பை வைத்தாள். சிவப்பு என்றால் அகற்றிவிடலாம், பச்சை என்றால் இருக்கட்டும் என்று அர்த்தமாம். பிறகு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை மதியம் போனில் அழுதாள்.

"பொட்டு வைக்கிற மாதிரி வச்சிட்டேன் டே. நான் வச்சதப் பாத்து இங்க வீட்டுவேலைக்குப் போற நம்ம ஆளுவ எட்டுப் பேரும் வச்சாளுவ. மரம் போனா அங்க காரு நிறுத்துவாங்களாம். நான் எங்க போவேன்? பேடியாட்டு இருக்கு, ஒரே பயம்."

நாகர்கோவில் ஜங்ஷனில் காலை 7.10க்கு ரயில் ஏறினேன். 71 கிலோமீட்டர், முன்பதிவு வேண்டாம். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. கூட்டத்தில் பேசவேண்டியதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். 9.05க்குத் தம்பானூர், அதாவது திருவனந்தபுரம் சென்ட்ரல். அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், 55 ரூபாய். பூங்கா பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"வடக்கு கேட்டுல ஒரு மரம் முறிக்கப் போறாங்கன்னு கேட்டேன் சாரே. சரியாணோ?"

ஆட்டோக்காரர் வரைக்கும் சேதி வந்துவிட்டது. கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.

கூட்டம் பக்கத்து வாசகசாலையில், 10.30க்கு. பொறியாளர் ஒரு சின்னப் பெண். கணக்கை வாசித்தார்: வடக்கு வாசல் மரம், எடுக்கச் சிவப்பு ஒன்பது, விட்டுவைக்கப் பச்சை நாலு. "அப்போ தீர்ந்தல்லோ" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். ரயிலில் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம்கூட எனக்கு வாயில் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அக்காதான் எழுந்தாள்.

"மேடம், அந்த சிவப்பு நானாக்கும் வச்சது. நல்லதுக்குத்தான் நாங்க சிவப்பு வைப்போம். எடுக்கறதுக்கு இல்ல."

பொறியாளர் அக்காவின் நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தார். "மாத்தணும்னா ஒட்டினவங்க ஓரோருத்தரும் நேர்ல வந்து பறையணும் சேச்சி. ஒரு மணி வரைக்கும் நான் இருப்பேன்."

அக்கா அந்த எட்டுப் பேரையும் கூப்பிட ஓடினாள். வீட்டுவேலையை அப்படியே விட்டுவிட்டு ஈரக்கையோடு ஆறு பேர் வந்தார்கள். அக்காவோடு ஏழு. ஒவ்வொருவரும் சிவப்பின் மேல் பச்சையை ஒட்டினார்கள். ஒட்டும் முன் அக்கா என்னிடம் மூன்று தடவை கேட்டாள், "பச்சைதானே டே?" மற்ற இரண்டு பேர் கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தார்கள். அந்த இரண்டும் சிவப்பாகவே இருக்கின்றன. ஒட்டி முடித்த பிறகு மாற்றுவது செல்லாது என்று ஒருவர் எழுதியும் கொடுத்தார். பொறியாளர் அதையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். முடிவு அடுத்த மாதம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அரை மணி முன்னால் போங்கள். எந்த நிறம் எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் அவமானம் இல்லை. மேசையில் நிற்பவர்கள் பொறுமையாகத்தான் சொல்வார்கள். கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள்.

திரும்பும்போது அக்கா வண்டியை மரத்தடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அடுத்த மாதம் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் வடக்கு வாசலைப் பாருங்கள். மரம் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் எனக்குச் சொல்லவேண்டாம்.