சீனி வருத்தம்

போன வருடம் மாசி மாதம், பனி கொட்டித் தள்ளிய ஒரு காலை. மகள் என்னை மெட்ரோவில் ஏற்றி, மொன்றியல் டவுன்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அதே தெருவில்தான் முன்பு ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவினேன். இப்போது அது செருப்பு, சப்பாத்து விற்கிற கடை. அதை விடுங்கள்.

லண்டன் கோர்ட்டுக்கு வீடியோவில் சாட்சி சொல்ல வேண்டும். முன்பு இங்கே மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் என்னோடு ஒரே அறையில் இருந்த தம்பி ஒருவனுக்காக. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு லண்டன் போனவன், அங்கே தன்னோடு குடியிருந்தவரைக் கத்தியால் குத்திவிட்டான். அவர் இறந்துவிட்டார். குத்தியது அவன்தான் என்பதில் வழக்கே இல்லை.

"கொலை எண்டு தீர்த்தா அங்க ஆயுள் தண்டனைதான் அப்பா, வேற வழியில்லை" என்றாள் மகள். "சித்தப்பாவின்ர மூளைக் கோளாறு அவரை யோசிக்க விடேல்லை எண்டு காட்டினா, குற்றத்தை ஒரு படி இறக்குவினம். சும்மா விடமாட்டினம். ஆனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்."

திரையில் அவன் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தான். நல்லாய் இளைத்திருந்தான். மொழிபெயர்க்க வந்தது ஒரு சென்னைப் பிள்ளை, நல்ல மரியாதையான குரல். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காதில் யாரோ கதைக்கிறார்கள் என்பான். தேநீரில் நஞ்சு என்று சிங்க்கில் ஊற்றுவான். ஆனால் என்னுடைய கோப்பையை மட்டும் ஊற்றமாட்டான். "பொறுங்கோ அண்ணை" என்று வாங்கி, முதலில் தான் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவான். நஞ்சென்றால் தான் போகட்டும் என்று!

எதிர்த்தரப்பு வக்கீல் எழும்பினார். "பிடிச்ச உடனே போலீஸ்கிட்ட 'மன்னிச்சுக்கங்க'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார். செஞ்சது தப்புன்னு தெரிஞ்சுதானே ஐயா மன்னிப்புக் கேட்டார்?" என்று அந்தப் பிள்ளை அதைத் தமிழில் சொன்னது. பதில் சொல்ல வாய் திறந்தேன். கை நடுங்கத் தொடங்கியது. காலையில் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை.

"பிள்ளை, கொஞ்சம் ஜூஸ் குடிக்கலாமோ எண்டு கேளுங்கோ. எனக்குச் சீனி வருத்தம்."

"சீனி மேல என்ன வருத்தம் ஐயா?"

"மேலயும் இல்லை, கீழயும் இல்லை. வருத்தம் எண்டா வருத்தக்காரன். மருந்து போட்டிட்டுச் சாப்பிடேல்லை, சீனி இறங்கிட்டுது."

"வியாதியா?"

"ஓம் பிள்ளை. வேற என்ன?"

"எங்க ஊர்ல வருத்தம்னா மனசு வருந்தறதுதான் ஐயா" என்றது அந்தப் பிள்ளை. பிறகு நீதிபதியிடம் திரும்பி நெடுநேரம் இங்கிலிஷில் சொன்னது. நான் ஜூஸைக் குடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முன்னுக்குச் சாய்ந்து, நான் குடித்து முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு போலீஸில் பதிந்த குரலைப் போட்டார்கள். "எனக்கு வருத்தம்... ஐயோ, எனக்கு வருத்தம்..." அதைத்தான் போலீஸில் மொழிபெயர்த்த யாரோ மன்னிப்பாக மாற்றியிருந்தார்கள். அவன் கேட்டது மன்னிப்பு இல்லை, மருந்து.

அந்த ஒரு சொல்லால்தான் எல்லாம் மாறியது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. டாக்டர்மாரும் வந்து சொன்னார்கள். கடைசியில் கொலை இல்லை, அதற்குக் கீழே என்று தீர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து போன் எடுப்பான். "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்றுதான் தொடங்குவான். போன ஞாயிறு, "நான் குத்தின மனுசன்ர தாய் இருக்கிறாவாமே அண்ணை" என்றான். பிறகு அழத் தொடங்கினான். நான் போனைப் பிடித்தபடி இருந்தேன். எங்கள் ஊர் வருத்தத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள். அந்தச் சென்னைப் பிள்ளை சொன்ன வருத்தம் இப்போதுதான் அவனுக்குத் தொடங்கியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியாது.