கேட்காமல் போட்ட டிக்

என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். இன்னும் பத்து நாள் லீவு எடுக்கலாம் என்றார்கள். கருவடிக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். பூட்டைத் திறப்பது, கூட்டுவது, காலையில் வரும் பாலை டம்ளரில் ஊற்றி வரிசையாகக் கொடுப்பது. அரசு தொடக்கப் பள்ளியில் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள். மிஸ்களும் அப்படித்தான்.

அன்று பால் வாங்க வந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நிறையப் பேசுகிறவள், டம்ளரை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஆயாம்மா, பொட்டு வைக்க மறந்துட்டியா?"

"ம்."

"எங்கம்மாகிட்ட நிறைய ஸ்டிக்கர் கீது. எடுத்தாரட்டா?"

மறுநாள் நோட்டு அட்டையில் ஒட்டி ஒரு சிவப்புப் பொட்டு கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் அதை எடுத்து, கையிலிருந்த வாசிப்பு ரிஜிஸ்டரின் உள்பக்கம் ஒட்டினேன். "நெத்தியில வைக்கணும் ஆயாம்மா, நோட்டுக்கா பொட்டு?" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

அந்த ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை மதியம் வாசிப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு வந்து, அந்த வாரம் நடந்த பாடத்தில் ஒரு பக்கம் படிக்க வேண்டும். படித்தால் ரிஜிஸ்டரிலும் பிள்ளையின் கார்டிலும் டிக். படிக்காவிட்டால் வட்டம். தொடர்ந்து இரண்டு வட்டம் விழுந்த பிள்ளையோடு மிஸ் தனியாக உட்காருவார். இதைக் கேட்க வேண்டியது மிஸ்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அவர் வாரம் முழுவதும் நடந்ததைப் போனில் ஏற்ற வேண்டும். பாதி நேரம் நெட் இருக்காது. ஜூன் மாதத்திலேயே என்னிடம் கொடுத்துவிட்டார்.

"நீங்க பத்தாவது படிச்சவங்கதான ஆயாம்மா. இத கொஞ்சம் பாருங்க. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நான் படித்த காலத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே பிள்ளைகள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஜூன், ஜூலையில் நன்றாகத்தான் கேட்டேன்.

ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் போன பிறகு வாரங்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை நகம் பார்ப்பார்கள். புதன்கிழமை கலர் டிரஸ். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்தால் வியாழன் என்று தெரியும். சாப்பாட்டில் முட்டை வந்த நாளில் ஓட்டைப் பெருக்க வேண்டியிருக்கும். அழுகை வரவில்லை. பசியும் பெரிதாக இல்லை. வெள்ளிக்கிழமை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவேன். பிள்ளை வந்து நிற்கும், புத்தகத்தைப் பிரிக்கும், வரியின் மேல் விரலை வைத்து நகர்த்தும், வாய் அசையும். எனக்கு உள்ளே ஓடும் ஃபேன் சத்தம்தான் கேட்கும். விரல் பக்கத்தின் அடியில் வந்து சேர்ந்ததும் டிக் போடுவேன், பாதியில் நின்றுவிட்டால் வட்டம். அடுத்த பிள்ளை வரும்.

இப்படி நவம்பர் வரை போனது.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வராந்தாவில் சாரல் அடித்ததால் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டிருந்தேன். வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் அம்மா மீன் விற்கிறவள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், சின்னக் குரல். விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கூரை ஓட்டிலிருந்து ஒரு சொட்டு அவள் புத்தகத்தில் விழுந்தது. புடவைத் தலைப்பால் துடைக்கக் குனிந்தேன். அப்போதுதான் பக்கத்தைப் பார்த்தேன். அதில் தபால் பெட்டி படம் போட்டிருந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது எருமை குளத்தில் குளிக்கிற பாடம்.

வகுப்பில் மிஸ் ஒரு வரி சொல்ல, எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பாடம் முழுவதும் எல்லார் வாயிலும் ஏறிவிடும். அவள் அதைத்தான் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். விரல் தபால் பெட்டியின் மேல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு எழுத்தைக் காட்டி, "இது என்னா?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "மிஸ் சொன்னா சொல்லுவேன் ஆயாம்மா."

"இது?"

எருமை பாடத்தின் முதல் வரியை மறுபடி ஆரம்பித்தாள்.

ரிஜிஸ்டரில் அவள் வரிசையைப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து எல்லாம் டிக். அதற்கு முன் ஜூலையில் ஒரு வட்டம், ஒரு டிக், மறுபடி ஒரு வட்டம். அப்போது கேட்டிருக்கிறேன்.

அவள் கார்டை நீட்டிக்கொண்டு நின்றாள். "டிக் போடு ஆயாம்மா. அம்மா பாக்கும்."

போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் ஒரு வாசிப்பு டீச்சரை அனுப்புவதாகச் சுற்றறிக்கை வந்திருந்தது. மூன்று மாதம், தினமும் மதியம் ஒரு மணி நேரம், படிக்க வராத பிள்ளைகளுக்கு மட்டும். ஆகஸ்டிலிருந்து விழுந்த வட்டங்களைப் பார்த்து லிஸ்ட் எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹெச்.எம். கையில் கொடுக்க வேண்டும். அவள் பெயர் அதில் இல்லை. ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனால் எழுத்திலிருந்து ஆரம்பித்து அவளோடு உட்கார யாரும் இருக்கப் போவதில்லை.

பள்ளி விட்டதும் அவள் அம்மா வந்தாள். மீன் விற்ற வெறும் அலுமினிய அன்னக்கூடையை மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்தாள்.

"இன்னா ஆயாம்மா, எம்பொண்ணு படிக்குதா?"

நான் வராந்தா நாற்காலியை உள்ளே இழுத்தேன்.

"போன மாசத்து கார்ட இவங்கப்பா டிவி பக்கத்துல ஒட்டிக்கிறாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டறாரு. இவரு டிக்கு வாங்குன மாரி!" சிரித்தாள். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "மூஞ்சி வத்திப் போச்சி உனக்கு. நேரத்துக்குச் சாப்புடு" என்றாள்.

"ம்" என்றேன்.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன், காயவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்வது என்று ஒரு வரியைத் தயார் செய்தேன். சொல்லிப் பார்த்தேன். வேறு யாரோ சொல்வது போல இருந்தது.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால் மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், லிஸ்ட் குடுத்துட்டீங்களா?"

"இல்ல ஆயாம்மா, இனிமேதான். ஏன்?"

"இந்தப் பொண்ணு படிக்கல மிஸ்."

நான் விரல் வைத்த வரிசையைப் பார்த்தார். "எல்லாம் டிக்கா இருக்கே?"

"நான் கேக்கல மிஸ்."

"எத கேக்கல?"

"அதுங்க படிச்சத. வெரல் கீழ வந்தா டிக் போட்டேன். அவரு போனதுலேர்ந்து."

மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயது. சாவுக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட குடுத்ததே ஹெச்.எம்.முக்குத் தெரியாது ஆயாம்மா. ஒண்ணு பண்ணலாம். இந்தப் பொண்ணு பேர மட்டும் சேத்துடுறேன். ரெண்டு டிக்க வட்டமா மாத்திட்டா முடிஞ்சிது."

அது போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு கிடைத்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"மத்ததுங்க படிக்குதா இல்லையான்னும் எனக்குத் தெரியாது மிஸ்" என்றேன்.

மிஸ் ரிஜிஸ்டரை மூடினார். "வாங்க" என்று எழுந்து ஹெச்.எம். அறைக்கு முன்னால் நடந்தார்.

ஹெச்.எம். பக்கம் பக்கமாகத் திருப்பினார். "யாரு போட்டது இதெல்லாம்?"

"நான்தான் மேடம் அவங்ககிட்ட குடுத்தேன்" என்றார் மிஸ்.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க."

நான் நான்கு வரி எழுதினேன். வெகுநேரம் ஆனது. ஹெச்.எம். படித்துவிட்டு, "கேக்காமப் போட்டேன்னா, ஏன் கேக்கல? காரணமே எழுதலயே" என்றார். ரிஜிஸ்டரின் உள்பக்கம் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

லிஸ்ட்டை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். அன்று பகல் முழுவதும் மிஸ் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பாடத்தில் இல்லாத வரிகளைக் கொடுத்துக் கேட்டார். அன்று பள்ளிக்கு வராதவர்களை மறுநாள் கேட்டார். லிஸ்ட்டில் இல்லாதவர்களில், வைத்திக்குப்பத்துப் பெண்ணோடு சேர்த்து ஆறு பேருக்குப் படிக்க வரவில்லை. பொட்டு கொண்டுவந்தவளும் அதில் ஒருத்தி. வாசிப்பு டீச்சர் வந்ததும், இன்னும் ஆறு பேர் கூடுதல் என்றார்கள். "பாய் இருக்குல்ல? உக்கார வைங்க" என்றார் அவர்.

மிஸ்ஸுக்கு மெமோ கொடுத்தார்கள். சாவி, சாக்பீஸ், தண்ணீர் என்று வேலைக்குத் தேவையானதை மட்டும் அவர் என்னிடம் பேசுகிறார். வெள்ளிக்கிழமை வாசிப்பை இப்போது அவரே கேட்கிறார்.

அந்த வாரம் வைத்திக்குப்பத்துப் பெண்ணின் கார்டில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் அம்மா பள்ளி கேட் பக்கத்தில் என்னைப் பிடித்தாள்.

"இன்னா ஆயாம்மா இது, முட்ட மாரி? இத டிவிகிட்ட ஒட்டறதா, வாணாமா?"

"இத்தினி நாளு நான் தப்பா போட்டுட்டேன்கா. அது படிக்கல. நான் கேக்காமயே டிக் போட்டேன். இப்பதான் கத்துக் குடுக்குறாங்க."

"அப்ப டிவிகிட்ட கீறது?"

"அதுவும்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். அன்னக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "வாடி" என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு கேட்டருகே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

மதியத்தில் நான் குடிதண்ணீர் டிரம்மைக் கழுவி நிரப்புவேன். குழாய் வராந்தாவின் கடைசியில். வாசிப்பு வகுப்புப் பாய் அங்கிருந்து ஐந்தாறு அடிதான். வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்று அந்தப் பெண்ணின் முறை. டீச்சர் அட்டையைக் காட்டினார். அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் அட்டையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ப" என்றாள். வெகுநேரம் கழித்து, "ற" என்றாள்.

அட்டையில் 'பறவை' என்று இருந்தது. மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டாள். டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் பெரிதாக இருந்தது. நான் குழாயை மூடினேன்.